ஐஸ் பெட்டிக்கு ஒன்றை அழுத்தவும்

ஜூன் 9, திங்கள்

ஒரு நாளில் நான் செய்கிற வேலையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருக்கிறான் தம்பி மாரீஸ்வரன். இந்த நீல அட்டை டைரியும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி நம் கடையை டிஜிட்டல் ஆக்கித் தரப்போகிறதாம். அவர்களுக்கு நம் ‘ப்ராசஸ்’ தெரிய வேண்டுமாம்.

சரி, எழுதுகிறேன். காலையில் அப்பாவுக்கு முகம் துடைத்து, இட்லியைச் சாம்பாரில் பிசைந்து ஊட்டினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாய் ஒரு ஓரமாகத்தான் திறக்கும். பேச்சு போய்விட்டது. ஊட்டி முடித்துக் கடைக்குப் போனேன். எட்டயபுரம் ரோட்டில் ‘ஆவுடையப்பன் ஐஸ் பெட்டி, அமரர் ஊர்தி’ என்று போர்டு தொங்குமே, அதுதான். ஐஸ் பெட்டிகள், ஒரு வண்டி, சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். கோவில்பட்டியில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் அழுவார்கள், அடுத்து எனக்குப் போன் செய்வார்கள். பாதிச் சுவர்களில் என் நம்பர்தான் எழுதியிருக்கிறது.

அப்பா படுத்தபோது மாரீஸ் பெங்களூரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தான். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் சும்மாதானே இருக்கிறாள் என்று கடைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். சாவுக் கடையில் பொம்பளை உட்காரலாமா என்று பேசியவர்கள்தான், அவரவர் வீட்டில் விழுந்ததும் ‘செண்பகம்க்கா’ என்று என்னைக் கூப்பிட்டார்கள். இப்போது தம்பி உத்தியோகத்தை ரிசைன் செய்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்கிறான். ரிசைன் செய்தவன் முகம் அப்படி இருக்காது. நான் எதுவும் கேட்கவில்லை.

“கடை உன்னுதுதான்க்கா. நான் கம்ப்யூட்டரை மட்டும் பாத்துக்கறேன்” என்றான். அவன் சொன்னது சொன்னபடியே இங்கே இருக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ப்ராசஸ். போன் வந்தால் எடுத்து, “சொல்லுங்க” என்பேன். வணக்கம் சொல்வதில்லை. யார் போனது என்று கேட்பதில்லை. வண்டி தெருவுக்குள் திரும்புமா, வாசலில் படி இருக்கிறதா, த்ரீ பின் பிளக் எந்த அறையில் என்று மட்டும் கேட்பேன். டிரைவர் சுடலைமுத்துவிடம் தெருவைச் சொல்வேன். பெட்டி திரும்பி வந்ததும் டெட்டால் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

இவ்வளவையும் மாரீஸிடம் சொன்னேன். லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டான்.

சொல்லாமல் செய்கிறவையும் உண்டு. கடைக்கு வருகிறவரை ‘வாங்க’ என்று சொல்ல மாட்டோம். பெட்டியை இறக்கிவைத்து வெளியே வரும்போது சுடலைமுத்து ‘வர்றேன்’ என்று சொல்ல மாட்டான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நன்றி என்ற வார்த்தை இந்தக் கடையில் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்ததில்லை. சாவு வீட்டில் யாரும் போய்ட்டு வர்றேன் என்று சொல்வதில்லையே, அதே கதைதான். மறுபடி வருகிற பேச்சே அங்கே கூடாது. இதை நான் மாரீஸிடம் சொல்லவில்லை. அவனும் இந்த வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன்தானே.

ஜூன் 14, சனி

கடைச் சுவரில் அப்பாவின் பழைய போட்டோவைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறான். அதில் ‘கஸ்டமர் ஜர்னி’ என்று எழுதி அம்பு அம்பாகப் போட்டான். கஸ்டமர் நம்மைத் தேடுகிறார், புக் செய்கிறார், சேவை பெறுகிறார், திருப்தி அடைகிறார்.

“இதுல கஸ்டமர் யாரு? படுத்திருக்கிறவரா, அழுறவங்களா?” என்று கேட்டேன்.

“விளையாடாதக்கா.”

“சரி, அந்தக் கடைசி அம்பு எங்க போகுது?”

“ரிப்பீட் கஸ்டமர்” என்றான். எழுதினான். அடிக்கோடும் போட்டான்.

சுடலைமுத்து வண்டி துடைக்கிற துணியை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. இவன் திட்டம் இந்த மாதம்கூடத் தாங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

பெரிய பெட்டியில் கம்ப்ரஸர் சத்தம். மெக்கானிக் வந்தார். அப்பாவுக்குப் பேதி.

ஜூன் 23, திங்கள்

கடைக்குப் பெயர் மாறுகிறது. ‘அமைதி கேர்’. ஆவுடையப்பன் என்றால் ஜனங்களுக்குச் சாவு ஞாபகம் வருகிறதாம். இந்த வேலையைச் செய்யாவிட்டால் அப்பா பெயர் யாருக்கு ஞாபகம் வந்திருக்கும்? அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அவர் கட்டில் பக்கமே இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மத்தியானம் அவன் சாப்பிடப் போனபோது பலகையைப் பார்த்தேன். ‘டீம்’ என்று புதிதாக எழுதியிருந்தது. நிறுவனர், மாரீஸ்வரன். நிர்வாகம், நிரஞ்சனா. நிரஞ்சனா அவன் பெண்டாட்டி. பெட்டியைத் தொட்டுவிட்டால் வீட்டுக்குள் வருமுன் தலைக்குக் குளிக்கிறவள். டிரைவர், சுடலைமுத்து. ஆக அடியில் ‘அக்கா - போன் (தற்காலிகம்)’.

நான் பலகையைத் துடைக்கவில்லை. என் பெயரைக்கூட எழுதவில்லையே அவன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது அழுதேன். நாற்பத்தேழு வயதில் இந்தக் கடையை விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

ஜூன் 26, வியாழன்

பெட்டி திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே பார்ட்டியின் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புமாம். கோயம்புத்தூர்க் கம்பெனி ஓட்டல்களுக்குச் செய்து வைத்திருந்ததை அப்படியே நமக்கும் மாற்றித் தந்திருக்கிறார்கள். மாரீஸ் அதை எனக்கு அனுப்பினான். “தமிழ் சரியா இருக்கான்னு பாருக்கா. ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தா மட்டும் சொல்லு. இன்னைக்கே ஓகே பண்ணணும்.”

இப்படி இருந்தது: ‘எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. உங்களுக்குச் சேவை செய்ததில் மகிழ்ச்சி. மீண்டும் வருக! உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அப்படியே பதில் போட்டேன்.

சாயங்காலம் அப்பாவுக்கு நகம் வெட்டினேன். வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஜூலை 2, புதன்

இன்று முதல் எல்லாம் கம்ப்யூட்டரில். வாசலில் வாழை மரம் கட்டவா என்று நிரஞ்சனா கேட்டாள். சுடலைமுத்து அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மாரீஸே வேண்டாம் என்றுவிட்டான். பரவாயில்லை, கொஞ்சம் மூளை மிச்சம் இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

முதல் மெசேஜ் போன வீடு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீடு. மிகவும் ஆசாரம் பார்க்கிற குடும்பம். காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பெரிய மகன் கோபக்காரர். வந்தால் மாரீஸுக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு நான் உள்ளே போய்விடுவது என்று இருந்தேன்.

யாரும் வரவில்லை. மதியம் மாரீஸ் போனை நீட்டினான். “ஃபைவ் ஸ்டார்க்கா!” கீழே அந்தக் கோபக்காரர் எழுதியிருந்தார்: ‘கூலிங் சூப்பர். டிரைவர் பொறுமை.’

ஜூலை 6, ஞாயிறு

மாரீஸ் மகளுக்குக் காதுகுத்து. அத்தை நான், முதல் வரிசையில் நிற்க வேண்டியவள். நேற்று நிரஞ்சனா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “மதினி, அப்பாவைப் பாத்துக்க ஆள் வேணும்ல. நீங்க சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்.”

இது எனக்குப் புதிதில்லை. இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகை எனக்கு வருவதே இல்லை. மார்க்கெட்டில் எதிரே வருகிறவர்கள், நல்ல காரியத்துக்குப் போகிறவர்களாக இருந்தால், அந்தப் பக்கம் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே என்று வரும்போது எரிகிறது. நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பந்தி முடிந்து பாயசம் தூக்குவாளியில் வந்தது. அப்பாவுக்கு இரண்டு கரண்டி கொடுத்தேன். மீதியைக் கொட்டிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

இலுப்பையூரணியிலிருந்து சீனியம்மாள் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். புருஷன் கிட்னி கெட்டு வெகுநாள் இழுத்து இன்று போய்ச் சேர்ந்தாராம். கூட அவள் மகன் பொன்பாண்டி. இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். கம்ப்யூட்டரில் நம்பர் கேட்டபோது அவன் நம்பரைக் கொடுத்தான். அழாமல், அம்மாவின் தோளில் ஒரு கையை வைத்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். இப்படி ஒரு பிள்ளை இருந்தால் போதும் என்று தோன்றியது.

சீனியம்மாள் போகும்போது என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள். வார்த்தை எதுவும் இல்லை. முறை தெரிந்தவள்.

இவர்கள் வீட்டுக்கும் அந்த மெசேஜ் போகும் என்பது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. மாரீஸிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். அவன் யாரிடமோ போனில், “எங்க அக்கா ஓல்டு ஸ்கூல், அவங்களை மெதுவா எக்ஸிட் பண்ணணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். ஒரு வீட்டிலிருந்தாவது வந்து இவனை நாலு கேள்வி கேட்கட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

ஒருவரும் வரவில்லை. பலகையில் சராசரி 4.8 நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறான். ஒருவர் கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறார். ஒருவர் கைகூப்புகிற படம். ஊருக்கே சொரணை செத்துவிட்டதா, இல்லை, நான்தான் இத்தனை வருஷமாக யாரும் கேட்காத மரியாதையைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தேனா? தெரியவில்லை. பெட்டி முன்பைவிட அதிகம் போகிறது என்பது மட்டும் உண்மை.

ஜூலை 21, திங்கள்

போன் போய்விட்டது. சுவர்களில் எழுதியிருக்கிற அந்த நம்பரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டான். இனி ஒரு பெண் குரல் எடுக்கும். ‘அமைதி கேர் உங்களை அன்புடன் வரவேற்கிறது. ஐஸ் பெட்டிக்கு ஒன்றை அழுத்தவும். அமரர் ஊர்திக்கு இரண்டை அழுத்தவும்.’ குரல் நல்ல குரல். சிரித்துக்கொண்டே பேசுகிறது.

“நீ அப்பா கூட இருந்துக்கோக்கா. நீயும் எத்தனை நாள்தான் இந்தச் சாவையே பாத்துக்கிட்டு இருப்பே?” என்றான்.

“கடை என்னுதுன்னு சொன்னியே மாரீஸ்.”

“அக்கா, அது அந்தக் கடை. இது கம்பெனி.”

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். சுடலைமுத்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 30, புதன்

இட்லி. மாத்திரை. துணி. டி.வி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ப்ராசஸ் எழுதி முடிச்சாச்சா, டைரியைக் கொடு என்று கேட்டான். இன்னும் இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் சீனியம்மாள். காலில் செருப்பு இல்லை. இலுப்பையூரணியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

“போன் போட்டேன் தாயி. ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டே இருந்தா. ஒங்க குரலைக் காணும். எதை அமுக்கன்னு எனக்குத் தெரியல.”

இந்தத் தொழிலில் நான் ஒருநாளும் கேட்காததை இன்று கேட்டேன். “யாரும்மா?”

“பொன்பாண்டி” என்றாள். “பைபாஸ்ல லாரிக்காரன் அடிச்சுட்டான். பெரியாஸ்பத்திரியில அறுத்துட்டு மத்தியானம் தருவாகளாம். வீட்டுல பெட்டி வைக்கணும்ல.”

அப்பாவின் வாயோரம் சாம்பார் வழிந்துகொண்டிருந்தது. சீனியம்மாள் இடுப்பிலிருந்து ஒரு போனை எடுத்தாள். கண்ணாடி உடைந்திருந்தது. மகனுடைய போன்.

“அவுக அப்பா போனப்போ இதுல ஒண்ணு அனுப்பியிருந்தீகல்ல, மறுபடியும் வாங்கன்னு. எனக்கு வாசிக்கத் தெரியாது. இவந்தான் வாசிச்சுச் சொன்னான். ‘யம்மா, மறுபடி வரச் சொல்லுதாகம்மா’ன்னு சிரிச்சான். அந்த எழவு வீட்டுல அன்னிக்குத்தான் அவன் சிரிச்சான்.”

போனை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, “வந்துட்டேன் தாயி” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கூப்பிட்டதற்கு வந்தேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஒருவர் வந்து கேட்க வேண்டும் என்று ஒரு மாதம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. வந்துவிட்டாள்.

அவளைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, நானும் கடைக்குப் போனேன். மாரீஸ் மதுரையில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தான். சுடலைமுத்து பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் பதிய அவன் போனைத் தட்டினான். தட்டியவன் கை அப்படியே நின்றது.

“என்னடா?”

“நம்பர் போடாம ட்ரிப் ஓபன் ஆகாதுக்கா. இலுப்பையூரணி அட்ரஸைப் போட்டதும் பழைய நம்பர் தானா வருது.”

வாங்கிப் பார்த்தேன். பொன்பாண்டியின் பெயர், பொன்பாண்டியின் நம்பர். பக்கத்தில் பச்சை எழுத்தில், ‘ரிப்பீட் கஸ்டமர். பத்து சதவீதத் தள்ளுபடி.’

அந்த நம்பரை அழித்துவிட்டு என் சொந்த நம்பரைப் போட்டேன். பெயர் கேட்டது. செண்பகவல்லி என்று போட்டேன்.

வண்டியிலேயே நானும் போனேன். இத்தனை வருஷத்தில் பெட்டி போகிற வீட்டுக்கு நான் போனதே இல்லை. த்ரீ பின் எந்த அறையில் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. போன மாதம் அடித்த ஆணியில் அவள் புருஷன் படம் தொங்கியது, காய்ந்த மாலையைக் கழற்றக்கூட இல்லை. அதற்கு நேர் கீழேதான் பெட்டியை வைத்தோம். பையனைக் கொண்டுவந்ததும் சீனியம்மாள் கண்ணாடி மேல் கையை வைத்து, “குளுருமே” என்றாள். அவ்வளவுதான் என்னால் பார்க்க முடிந்தது. எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

சுடலைமுத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். மாரீஸ் காலையிலேயே வீட்டுக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“அந்த மெசேஜை நீதானக்கா பாத்து ஓகே சொன்னே?”

“ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தா மட்டும் சொல்லுன்னே. பாத்தேன்.”

“உனக்குத் தெரியாதா, அங்க அந்த வார்த்தை…”

“உனக்குத் தெரியாதா?”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் நான் கள்ளாட்டம் ஆடியதைக் கண்டுபிடித்தால் இப்படித்தான் பார்ப்பான். எங்கள் இரண்டு பேரையும் அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

பிறகு கடை போனையும் சாவியையும் டேபிள் மேல் வைத்தான். “இது வெளிய பரவுனா நம்ம பேர் போயிடும். அந்தக் குரலை இன்னைக்கே எடுத்துடச் சொல்றேன். போனை நீயே எடு. கடைக்கும் நீயே வா. மெசேஜை மாத்தவும் சொல்லியாச்சு, ஆனா கம்பெனிக்காரன் ரெண்டு மூணு நாள் ஆகும்கிறான்.”

சரி என்றேன்.

அவன் போன பிறகு போனைத் துடைத்து, சாவியை முந்தானையில் முடிந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. அப்பாவுக்குத் தலை சீவிவிட்டேன். அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஏதோ சொல்ல நினைக்கிறார். என்னவென்று புரியவில்லை என்றேன்.

வெளியூர்ச் சொந்தம் வந்து நேற்றுத்தான் எடுத்தார்களாம்; இலுப்பையூரணியிலிருந்து பெட்டி பத்து மணிக்குத் திரும்பி வந்ததாகச் சுடலைமுத்து சொன்னான். கொஞ்ச நேரத்தில் என் போனில் மணி அடித்தது.

‘அன்புள்ள செண்பகவல்லி, எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. உங்களுக்குச் சேவை செய்ததில் மகிழ்ச்சி. மீண்டும் வருக! உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.